பெயரில் குடியிருப்போர், விதியில் வீட்டுக்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் சந்தா வாங்குவதோடு சரி, வேறு எதுவும் செய்வதில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மடிப்பாக்கத்தில் எங்கள் நகர்ச் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவள் நான். அவருடைய கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எங்களிடமும் பல வேலைகள் கிடப்பில்தான் கிடக்கின்றன. காரணம், செய்ய ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை என்பதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

பொருளாளர் வேலை என்றால் ரசீது கிழிப்பது மட்டுமல்ல. சந்தாவுக்கு வீடு வீடாக ஏற வேண்டும். பூட்டியிருந்தால் மறுபடியும் போக வேண்டும். காவலாளிக்குச் சம்பளம், கேமரா பழுது, பூங்காச் செடிகளுக்குத் தண்ணீர் என்று மாதம் முழுவதும் ஏதாவது இருக்கும். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து, பொதுக்குழுவில் வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். செயலாளர் பாடு இன்னும் சிரமம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லலாம், மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு அவருடைய கைப்பேசிதான் அடிக்கும். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. இருக்கவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கணக்குக் கேட்டார்கள் என்று ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை. ஊர்ப் பணம், கேட்கத்தான் வேண்டும். வருத்தம் வேறு இடத்தில்.

ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கடைசியாகத் தேர்தல் வரும். "யாராவது முன்வாருங்கள்" என்று தலைவர் இரண்டு மூன்று முறை கேட்பார். எல்லோரும் குனிந்துகொள்வார்கள். அப்புறம் பழைய குழுவே தொடரட்டும் என்று யாராவது சொல்ல, கைதட்டிக் கலைந்துவிடுவோம். அப்படியே தொடர்ந்து எங்கள் தலைவருக்கு இப்போது வயது எழுபத்தாறு. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு, தெருவைத் தோண்டிப் போட்டிருந்த நாட்களில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு மனுவோடு நடந்தவர் அவர். அவருக்குப் பதில் போக அன்றைக்கு இன்னொருவர் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் நகரில் ஏறக்குறைய 130 குடும்பங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். சங்கத்தின் பெயரில் "குடியிருப்போர்" என்று இருக்கிறது. சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் துணைவிதியைப் பிரித்துப் பார்த்தால், வீட்டு உரிமையாளர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று இருக்கிறது. அக்கம்பக்கத்து நகர்களில் விசாரித்தேன். பல இடங்களில் இதே விதிதான். சில வீடுகளின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், தெருவுக்கு வந்து பல வருடம் ஆகிறது. அவர்களுக்கு ஓட்டு உண்டு. அந்த வீட்டில் எட்டு வருடமாக வாழ்ந்து, மாதாமாதம் சந்தாவும் கொடுக்கிற குடும்பத்துக்கு ஓட்டு இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 2015 டிசம்பரை அனுபவித்தவர்கள் என்பதால் பயம் கூடுதலாகவே இருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவர், மூன்றாவது தெருவில் மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் இளைஞர். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவர். கார் பேட்டரியிலிருந்து எல்லோருடைய போனுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பாலையும் மாத்திரையையும் தலைக்கு மேல் தூக்கிப்போய்க் கொடுத்தார். என் கணவருடைய இன்சுலின் தீர்ந்துபோனபோது மெயின் ரோடு வரை தண்ணீரில் நடந்து வாங்கிவந்ததும் அவர்தான்.

அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் அவரை இணைச் செயலாளராக முன்மொழிந்தார். அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மூத்த உறுப்பினர் துணைவிதிப் புத்தகத்தோடு எழுந்து, இவர் உறுப்பினரே ஆக முடியாது என்று படித்துக் காட்டினார். விதிப்படி அது சரிதான். அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மேடையில் பொருளாளராக உட்கார்ந்திருந்த நானும் ஒன்றும் பேசவில்லை. அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. இப்போது அவர் மேடவாக்கம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்.

வாடகைக்காரர்கள் இன்று இருப்பார்கள், நாளை போய்விடுவார்கள் என்கிறார்கள். சட்டப்படி ஒரு செயற்குழுவின் பதவிக்காலமே மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதற்குமேல் ஒரே தெருவில் இருக்கிற வாடகைக் குடும்பங்கள் எங்களிடமே எத்தனையோ உண்டு. பணத்தை நம்பிக் கொடுக்க முடியுமா என்கிறார்கள். காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் என்பதால் மட்டும் எந்தக் கணக்கும் நேராகிவிடாது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பூங்காவுக்கென்று விட்ட பொது நிலம், மனை எல்லை போன்ற சொத்து விவகாரங்களில் உரிமையாளர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்துக்கொள்ளலாம். குப்பைக்கும் கொசுவுக்கும் தெருவிளக்குக்கும் எதற்குப் பட்டா?

2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகம் முழுக்க நகர்ப்புறங்களில், கிராம சபை போல மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதில் உட்காரலாம். சொந்த வீடா என்று அங்கே கேட்பதில்லை. 1989-ல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கிய பிறகு, தெருத்தெருவாக மூன்று சக்கர வண்டி வைத்துக் குப்பை எடுத்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் கே.கே. நகரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதப் பணம் வசூலிக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். எனக்குப் பொதுவேலை பழகியது அங்கேதான்.

பெண்களும் இந்த விதியால்தான் வெளியே நிற்கிறார்கள். பட்டா கணவர் பெயரில் என்றால் உறுப்பினரும் அவரே. எங்கள் வீட்டுப் பட்டா இருவர் பெயரிலும் இருந்ததால்தான் நான் உள்ளே வர முடிந்தது. போதாததற்குக் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு, சரியாகச் சமையல் நேரத்தில் வைக்கிறார்கள். மாலை ஐந்துக்கு மாற்றினால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

துணைவிதியைத் திருத்துவது பெரிய காரியமல்ல. முறையாக அறிவிப்புக் கொடுத்து, பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்ற இதழில் எழுதிய அந்த வாசகர் தன் சங்கத்தின் துணைவிதியில் உறுப்பினர் தகுதி என்ன என்று ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு, ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் எவரும் உறுப்பினராகலாம் என்ற திருத்தத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் முன்மொழிகிறேன். வழிமொழிய எதிர்வீட்டு அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.