முள்ளிவாய்க்கால் நினைவேந்தல்: மே 18, திங்கள் மாலை

அன்பான உறவுகளே, வணக்கம்.

2009 முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்ட எங்கள் சனத்தை நினைவுகூர இம்முறையும் சேர்ந்தே போவோம். இடம்: பிரம்டன் சிங்கூசி பூங்கா, தமிழினப்படுகொலை நினைவுத்தூபி. மாலை 6.00 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அன்று விக்டோரியா தின விடுமுறை, அதனால் வேலை, பள்ளி என்ற தடை பலருக்கும் இராது.

1. எத்தனை பேர் வருகிறீர்கள், காரில் இடம் இருக்கிறதா என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

2. உறவுகளை இழந்தவர்கள் அவர்களின் படத்தைக் கொண்டு வாருங்கள். சுடரேற்றியதும், விரும்பினால் பெயரைச் சொல்லலாம். கட்டாயமில்லை. அழுகை வந்தால் அழுங்கள், பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்.

3. கஞ்சி காய்ச்ச மூன்று வீடுகள் தேவை. அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போதும், தயவுசெய்து வேறெதுவும் சேர்க்க வேண்டாம். பதுங்குகுழிகளில் இருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது அதுதான். ஏன் இந்தக் கஞ்சி என்று உங்கள் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

4. குடை எடுங்கள். மழை பெய்தாலும் நடக்கும்.

அப்புறம், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து ஏற்றிப் போகிறோம்.