644 கொக்குகள்

அன்புள்ள கோமதி,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரஸ்வதி டீச்சர் இன்னும் அதே குடையோடுதான் நடமாடுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பாடம் எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் ஜப்பானியச் சிறுமி சடாகோவின் கதையை வாசித்துக் காட்டினேன், எலினார் கோயர் 1977இல் எழுதியது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955இல் ரத்தப் புற்றுநோய். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் பிழைப்பாய் என்று தோழி சொல்ல, மடிக்கிறாள். 644இல் கை ஓய்ந்துவிடுகிறது. மீதி 356ஐ வகுப்புப் பிள்ளைகள் மடிக்கிறார்கள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தால், கடைசி பெஞ்சுப் பையன் கேட்கிறான்: "மீதியையும் அவளே மடிச்சிருந்தா பொழச்சிருப்பாளா டீச்சர்?"

அவனைக் குறை சொல்ல முடியாதடி, கதையே அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. குண்டு போட்டவர்கள் தப்பிவிட்டார்கள். பழி 356 கொக்கின் மேல்.

நிஜ சடாகோ ஆயிரத்தையும் முடித்துவிட்டாள் என்கிறார் அவள் அண்ணன். ஹிரோஷிமா அருங்காட்சியகமும் அப்படித்தான் சொல்கிறது. முடித்த பிறகும் நிறுத்தவில்லை. மருந்து சுற்றி வந்த தாளையெல்லாம் சேர்த்து, ஊசி முனையால் மடிக்கும் அளவுக்குச் சின்னச் சின்னதாய்ச் செய்திருக்கிறாள். அக்டோபர் 25 அன்று போய்விட்டாள்.

இது இன்னும் கொடூரம் என்பாய். எனக்கு இதுதான் ஆறுதல். அவள் பக்கம் பாக்கி ஒன்றுமில்லை, பார். ஆயிரம் பலிக்கவில்லை என்று கண்டும் அடுத்த தாளை எடுத்தாளே, அதை ஏன் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டும்?

நீ தூக்கிப் பிடிக்கும் பௌசவாங்கின் 1983 ஜெர்மன் நாவலை மட்டும் இவர்களுக்குக் கொடுக்கமாட்டேன். ஜெர்மனியில் அணுகுண்டு விழுவதாகக் கற்பனை; அதற்குப் பின் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், மூச்சுவிட இடமில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அதில் பிள்ளைகளின் கோபம் பெரியவர்கள் மேல் திரும்புகிறது, சேரவேண்டிய இடத்தில் சேர்கிறது.

எங்கள் தலைமையாசிரியைக்கு வேறு கவலை. சாவுக்கதை எதற்கு, கொக்கு மட்டும் மடித்துத் தொங்கவிடுங்கள், ஆண்டு விழாவுக்கு அழகாக இருக்கும் என்கிறார்!

திங்கட்கிழமை அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். "அப்போ எதுக்கு மறுபடி மடிச்சா?" என்று நிச்சயம் கேட்பான். உன்னிடம் பதில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு. வாட்ஸாப்பில் கும்பிடு பொம்மை அனுப்பித் தப்பிக்காதே.

உன்,
வசந்தா