வளவின் தூண்கள் ஏன் ஒட்டவில்லை?

ஐயா,

பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகள் தங்கள் உட்புறத்தைச் சுழற்றிப் பார்க்கும் 360 டிகிரி படங்களாக, அதாவது பல திசைகளில் எடுத்து ஒன்றாக ஒட்டிய படங்களாக, வெளியிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிக அகன்ற கோணத்தில் பார்க்கும் மீன்கண் லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று அதில் கூறப்பட்டிருந்ததை, செட்டிநாட்டு வீடுகளின் உட்புறங்களைப் பல ஆண்டுகளாகப் படம்பிடித்துவரும் என்னால் ஏற்க முடியவில்லை. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டுமா ஒட்டாதா என்பது பெரும்பாலும் முக்காலியின் மேலேயே முடிவாகிவிடுகிறது.

லென்ஸின் உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 18 மி.மீ. லென்ஸில் முப்பது படங்களுக்கு மேல் கேட்கும் ஓர் அறையை, ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவில் 8 மி.மீ. மீன்கண் லென்ஸைப் பொருத்தி, 90 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றிலும் நான்கு, விதானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என ஆறே படங்களில் முடித்துவிடலாம். லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சர் எஃப்/8-இல் இருந்தால் ஏறக்குறைய 20 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழுமாறு ஃபோகஸை ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமலே இருக்கலாம்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. மலையையோ கடற்கரையையோ எடுக்கும்போது கேமரா சற்று இடம்பெயர்ந்தாலும் தெரியாது. முற்றத்தைச் சூழ்ந்து தூண்கள் நிற்கும் வளவிலோ, ஒரு தேக்குத் தூண் கைக்கெட்டும் தூரத்திலும் அதற்குப் பின்னுள்ள நிலைக்கதவு இருபதடிக்கு அப்பாலும் நிற்பதால், பார்க்கும் இடம் மாறினால் அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ளதை விட்டு விலகித் தெரியும், பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழை உடனே தலைகாட்டும். என் முதல் முயற்சியில் கேமரா முக்காலித் திருகை அச்சாகக் கொண்டு சுழன்றது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் புள்ளியோ அதற்கு 8 செ.மீ. முன்னால் இருந்தது. 90 டிகிரி திரும்பியதும் அந்தப் புள்ளி 11 செ.மீ. தள்ளிப்போய்விட, ஒட்டிய படத்தில் ஒரு தூண் ஒன்றரைத் தூணாக நின்றது. இரண்டு இரவுகள் மென்பொருளைத் திட்டிய பிறகே தவறு என்னுடையது என்று விளங்கியது.

இதைச் சரிசெய்யத் தூக்குக்குண்டு போதும். லென்ஸுக்கு ஒரு முழ தூரத்தில் அதன் நூலைத் தொங்கவிட்டு, தொலைவிலுள்ள ஒரு சன்னல் கம்பியை அது மறைக்கும்படி கேமராவை நிறுத்தி, இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும்; நூல் கம்பியை விட்டு விலகினால், விலகாத இடம் கிடைக்கும்வரை கேமராவைத் திருகிலிருந்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மீன்கண் லென்ஸில் அந்தப் புள்ளி பார்க்கும் கோணத்துக்கேற்ப இடம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு படங்கள் எடுப்பவருக்கு இரு படங்கள் சேரும் ஒட்டுவாய் ஒவ்வொரு படத்தின் நடுவிலிருந்தும் 45 டிகிரியில் விழுவதால், சோதனையையும் அந்தக் கோணத்திலேயே செய்ய வேண்டும்.

அடுத்தது வெயில். முற்றத்தின் வெளிச்சத்துக்கும் அதைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியின் இருட்டுக்கும் ஈடுகொடுக்க ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு ஒளியளவில் மூன்று எக்ஸ்போஷர் எடுப்பதால் நேரம் நீள்கிறது. சூரியனோ நான்கு நிமிடத்தில் ஒரு டிகிரி நகர்கிறது. உச்சிப்பொழுதில் 6 மீட்டர் உயரக் கூரையின் நிழல் விளிம்பு அதற்குள் 10 செ.மீ. நகர்ந்து, ஒரே தரையில் இரண்டு நிழல்களாகப் பதியும். ஆகவே வெயில் விழும் திசைகளை இடைவிடாமல் முதலில் எடுத்து முடித்துவிடுவது என் வழக்கம்.

மென்பொருளின் பங்கு இதற்குப் பிறகுதான். ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1998-இல் வெளியிட்ட பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளின் மேல் எழுந்த, படங்களை ஒட்டும் ஹியூகின் இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல கருவி. ஆனால் வழவழப்பான செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இரு படங்களிலும் பொதுவாக அடையாளம் கண்டு பொருத்துவதற்கு ஒரு புள்ளியும் அதற்குக் கிடைப்பதில்லை. ஒன்றுபோல நிற்கும் தூண்களிலோ மூன்றாவதை நான்காவதோடு சேர்த்துவிடுகிறது. அங்கெல்லாம் புள்ளிகளைக் கையால்தான் வைக்க வேண்டும்.

படத்துக்குப் பணம் கொடுக்கும் விடுதிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். விதானத்தின் அழகைப் பிறகு பார்க்கலாம். முதலில் தூண்களின் அடியையும், முக்காலி நின்ற இடத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூக்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். இதழ் முறிந்திருந்தால் தயங்காமல் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புகைப்படக்காரர் ஒருவர்,
காரைக்குடி