இண்டிகார் கதையில் விடுபட்ட பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் 'இண்டிகார்' பந்தயத் தொடரைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1911-இல் ரே ஹாரூன் முதல் இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றது, 1965-இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் வந்து எஞ்சினை முன்னால் வைத்த வண்டிகளின் காலத்தை முடித்துவைத்தது, எல்லாம் அருமை. ஆனால் 1979-க்குப் பிந்திய சண்டைகளை 'நிர்வாகச் சிக்கல்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டு, டீம் முதலாளி ரோஜர் பென்ஸ்கி இண்டியானாபொலிஸ் மைதானத்தை வாங்கியதும் எல்லாம் சுபம் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்குள்தான் முக்கால்வாசிக் கதை இருக்கிறது.

இந்தப் பந்தய உலகில் ஒரே ஒரு பந்தயம் மொத்த சீசனையும் விடப் பெரியது. அந்த 500 மைல் பந்தயம் நடக்கும் மைதானம் 1945 முதல் ஹல்மன் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. விதிகளை வகுத்ததோ யுசாக் என்ற அமைப்பு. கோடிகளைக் கொட்டிய டீம் முதலாளிகளுக்கு எதிலும் பெரிதாகச் சொல்லில்லை. 1978-இல் டீம் முதலாளி டான் கர்னி இதை எழுத்தில் வைத்து மற்ற முதலாளிகளுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே பென்ஸ்கியும் பாட் பாட்ரிக்கும் முன்னின்று 'கார்ட்' என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். 500-இல் ஓட அவர்களில் ஆறு டீம்கள் கொடுத்த விண்ணப்பத்தை யுசாக் நிராகரித்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து ஓடினார்கள்.

கார்ட் நன்றாகவே வளர்ந்தது. 1993-இல் ஃபார்முலா ஒன் சாம்பியனான நைஜல் மான்செல் இங்கே வந்து முதல் சீசனிலேயே பட்டம் வென்றார். ஆனால் விதி எழுதுகிறவர்களும் டீம் நடத்துகிறவர்களும் ஒரே ஆட்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. உள்ளூர் ஓவல் தடங்களில் பழகிய அமெரிக்கப் பையன்களுக்கு சீட் கிடைக்கவில்லை. பதின்ம வயதில் இண்டியானாபொலிஸுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஜெஃப் கார்டன், சாதாரண கார் வடிவ வண்டிகள் ஓடும் நாஸ்கார் தொடருக்குப் போனார். 1994-இல் நாஸ்கார் முதன்முதலாக அதே மைதானத்துக்கு வந்தபோது ஜெயித்தவரும் அவரே. ஹல்மனின் பேரன் டோனி ஜார்ஜ் கார்டுக்குப் போட்டியாகத் தனித் தொடர் ஒன்றை அறிவித்ததும் அந்த ஆண்டில்தான். அவரை வில்லனாக்குவது சுலபம். அவர் சொன்ன குறைகள் பொய்யில்லை. எடுத்த வழிதான் கோளாறு. 500-இல் ஓடும் 33 வண்டிகளுக்கான இடங்களில் 25 இடம் தன் தொடரில் ஓடுகிறவர்களுக்கே என்றார்.

விளைவு, 1996 மே 26. ஒரே நாளில் இரண்டு 500 மைல் பந்தயங்கள். இண்டியானாபொலிஸில் பதினேழு பேர் புதுமுகங்கள். நட்சத்திரங்கள் எல்லாரும் மிஷிகனில், கார்ட் நடத்திய பந்தயத்தில். 'நாங்கள்தான் நிஜமான பந்தயக்காரர்கள்' என்று மார்தட்டியவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? பச்சைக்கொடி விழுமுன்பே முன்வரிசை வண்டிகள் ஒன்றோடொன்று உரசி, பின்னால் வந்தவை குவியலாக மோத, பலர் மாற்று வண்டியில் ஏறி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஜெயித்த ஜிம்மி வாசர், 'பால் யாருக்கு வேண்டும்?' என்றார். இண்டியில் வென்றவர் பால் குடிப்பது வழக்கம் (1936-இல் லூயி மேயர் மோர் குடித்ததில் ஆரம்பித்தது). வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2000-இல் சிப் கனாசி, அடுத்த ஆண்டு பென்ஸ்கி என்று பெரிய டீம்கள் ஒவ்வொன்றாக 500-க்குத் திரும்பின. கார்ட் 2003-இல் திவாலாகி, வேறு பெயரில் தொடர்ந்தது. 2008-இல் இரு தரப்பும் ஒன்றானபோது ரசிகர்களில் பெரும்பகுதி நாஸ்காரில் நிலைத்துவிட்டது.

இப்போது அந்த 'சுபம்'. 2020-இல் மைதானமும் தொடரும் பென்ஸ்கியின் கைக்கு வந்தன. அதே தொடரில் அவர் டீமும் ஓடுகிறது! 2024 ஏப்ரலில் லாங் பீச் பயிற்சியின்போது, கூடுதல் வேகம் தரும் 'புஷ் டு பாஸ்' பொத்தான் ஏதோ கோளாறில் யாருக்கும் வேலை செய்யவில்லை, பென்ஸ்கி வண்டிகளைத் தவிர. தோண்டிப் பார்த்தால், அந்த சீசனின் முதல் பந்தயத்தில் அதைத் தடைசெய்யப்பட்ட நேரத்திலும் பயன்படுத்தி பென்ஸ்கி டீமின் ஜோசப் நியூகார்டன் ஜெயித்திருந்தார். வெற்றி பறிபோனது. அடுத்த ஆண்டு இண்டியானாபொலிஸிலேயே பென்ஸ்கி டீமின் இரண்டு வண்டிகளில் விதிக்கு மாறான ஒரு பாகம் சிக்கி, இரண்டும் கடைசி வரிசைக்குப் போயின. பென்ஸ்கி தன் டீமின் மூன்று உயரதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினார். அதன் பிறகுதான் நடுவர் பொறுப்பைத் தனி அமைப்பிடம் கொடுக்கும் பேச்சு வலுத்தது.

பென்ஸ்கி நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. பிடிபட்டதும் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் 1978-இல் கர்னி கேட்ட, விதிப்புத்தகம் யார் கையில் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், புது ஹைபிரிட் எஞ்சினுக்கு முன்பாக இதை எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை