ஜெலுத்தோங் மீன்கடை அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

வெள்ளம் புகுந்த வீடு ஓரளவு காய்ந்துவிட்டது. சேற்று வாடை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த இரவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அது சொந்த அனுபவம். மீதிப் பேர் போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். நன்றி சொல்ல மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு மலாய்ப் பையன்கள், விடிந்ததும் சோற்றுப் பொட்டலத்தோடு வந்த கோயில் இளைஞர்கள், குருத்வாராவிலிருந்து சூடாகச் சப்பாத்தியும் பருப்பும் கொண்டுவந்தவர்கள், நனைந்த மெத்தைகளை லோரியில் ஏற்றிப்போன மச்சான், பேர் சொல்லாமல் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போனவர் என்று பட்டியல் நீளம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்வேன். இந்த மடலில் பெரும்பங்கு பினாங்கு ஜெலுத்தோங் சந்தையில் மீன் விற்கும் அக்காவுக்கு. அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அது தெரிய வேண்டும்.

என்னிடம் பழைய சூப்பர் 8 ரீல்கள், அதாவது வீட்டில் ஓட்டிப் பார்க்கும் சின்னப் படச் சுருள்கள், இருப்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று ஏன் எனக்கு உயிர் என்று நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஸ்டார் வார்ஸ் படம் அமெரிக்காவில் 1977 மே 25-ஆம் தேதி வெளிவந்தது. அது பினாங்கு வந்து சேர்ந்தபோது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வகைகள் விற்றவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் காகிதக் கூம்பில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். விளக்கு அணைந்தது, எழுத்துகள் ஏறி மறைந்தன, பிறகு அந்தப் பெரிய விண்கப்பல் தலைக்கு மேலே வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. நாளெல்லாம் கப்பல்களையே பார்த்துக் கிடந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எவ்ளோ நீளம்டா!” என்றார். அப்பா வாய்பிளந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்தில் வீடியோ நம் வீடுகளுக்கு வரவில்லை. படத்தை வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் சூப்பர் 8 ரீல்தான். கோடாக் 1965-இல் கொண்டுவந்த ஃபிலிம் வகை அது. அமெரிக்காவில் கென் ஃபிலிம்ஸ் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் காட்சிகளைச் சுருக்கி 200 அடி ரீலாக விற்றது. கருப்பு வெள்ளையில் ஒலியில்லாமலும் வந்தது, வண்ணத்தில் ஒலியோடும் வந்தது. எங்களைப் போன்றவர்கள் அதை வாங்கியிருக்க முடியாது. ஆனால் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் அப்போது ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பம் தஞ்சோங் பூங்காவில் குடியிருந்தது. அம்மா அந்த வீட்டில் சமையல் செய்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது புரொஜெக்டரையும் ஒரு பெட்டி ரீலையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கார்ட்டூன்களுக்கு நடுவே அந்த ஊமை ரீலும் இருந்தது.

சத்தமில்லாத அந்தப் படத்துக்கு அப்பாதான் குரல். வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, புரொஜெக்டர் தடதடக்க, கருப்புக் கவசக்காரனுக்கு அடித்தொண்டையில் தமிழ் பேசுவார். இளவரசிக்கு எங்கள் அத்தையின் குரல். தெருப்பிள்ளைகள் எல்லாம் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வேகத்தைக் குறைத்து நொடிக்கு 18 படமாக ஓட்டினால் 200 அடி பதின்மூன்று நிமிஷம் வரும், 24 படமாக ஓட்டினால் பத்தே நிமிஷம். அப்பா எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவார், பேச இடம் வேண்டுமே. அவர் பேசியதை யாரும் ஒலிநாடாவில் பிடித்து வைக்கவில்லை. ரீல் ஓடும்போது மட்டும் எந்த இடத்தில் என்ன சொன்னார் என்பது எனக்குக் காதில் விழும்.

அப்பா போன பிறகுதான் சேர்க்கத் தொடங்கினேன். முதலில் ரோப் வாக் பழைய சாமான் கடைகளில், பிறகு லோரோங் கூலிட் சந்தையில் ஒன்றொன்றாக வாங்கினேன். வண்ண ரீல்கள் பல சிவந்துபோய்த்தான் கிடைக்கும். அந்தச் சாயங்களில் நீலப்பச்சை சீக்கிரம் வெளிறிவிடும், சிவப்பு நின்றுவிடும். கருப்பு வெள்ளையில் படம் நிற்பது வெள்ளித் துகளில். அப்பாவின் ரீல் இத்தனை வருஷம் கழித்தும் கறுப்பு கறுப்பாகவே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

தண்ணீர் வடிந்த காலையில் அந்த ரீலும் மற்றவையும் சேற்றில் கிடந்தன. கோலாலம்பூரில் ஃபிலிம் லேபில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பருக்குப் போன் போட்டேன். வெயிலில் காயவைக்கட்டுமா என்று நான் கேட்டதற்குக் கத்தியே விட்டார். சுருளோடு காய்ந்தால் ஃபிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். நான் வந்து சேரும்வரை சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியே இருக்கட்டும், சூட்டில் விடாதே என்றார். கரண்ட் இல்லை. ஐஸ் விற்கிற கடை ஒன்றும் திறக்கவில்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அப்போதுதான் அக்கா அந்தப் பக்கம் வந்தார். அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். என் கையிலிருந்த சேற்றுச் சுருளைப் பார்த்து என்ன என்றார், சொன்னேன். பிரிட்ஜும் கட்டிலும் போன வீட்டில் பழைய படச் சுருளுக்கு ஒருவன் அழுகிறானே என்று நினைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “எவ்ளோ ஐஸ் வேணும் தம்பி?”

மீன் வைக்கும் வெள்ளை நுரைப்பெட்டிகளை மகனோடு மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்தார். “கவிச்சி படக்கூடாதுல்ல?” என்று சொல்லி, எங்கள் வாசல் குழாயில் சோப்புப் போட்டு மூலை மூலையாகத் தேய்த்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார். மீன் மேல் போட்ட ஐஸ் இல்லை, புதிய குழல் ஐஸ். ஐஸ் ரீலில் நேராகப் படவேண்டாம் என்று நண்பர் சொன்னதைக் கேட்டு, பிளாஸ்டிக் பையில் நிரப்பி ராஃபியா கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கட்டி ஓரங்களில் செருகினார். நண்பர் வந்து சேரும்வரை காலையும் மாலையும் வந்து தண்ணீரை மாற்றி, உருகின பையை எடுத்து வேறு பை வைத்தார். ஐஸ் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்கு லோரி வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தன் வீட்டுச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு வந்து இதைச் செய்தார்.

பிறகு கழுவி, அறுபது மீட்டர் நீளத்தை மாடி ஹாலில் நைலான் கயிற்றில் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டோம். எல்லாம் பிழைக்கவில்லை. ஒலி ரீல்களில் சிலவற்றில் ஒலி பதிந்திருக்கும் காந்தப் பட்டை கழன்றுவிட்டது, இரண்டு மூன்று கட்டியாகவே போய்விட்டன. அப்பாவின் ரீல் பிழைத்தது. முதல் சில அடிகளில் மட்டும் கறை, அவ்வளவுதான். ஆறு மில்லிமீட்டர் அகலப் படம் ஒன்றை விளக்கில் பிடித்துக் காட்டியபோது அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “இவ்ளோ சின்னதுலயா ஆளெல்லாம் இருக்காங்க?” என்று சிரித்தார்.

நம்மிடம் எது விலையுள்ளது என்று அடுத்தவர்தான் முடிவு செய்கிறார்கள், குறிப்பாக இழப்பு நேரத்தில். “உயிர் பிழைச்சீங்களே, அது போதும்” என்று சொன்னவர்களும் அன்பில்தான் சொன்னார்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் துக்கத்தை எடை போடாமல் பெட்டியைக் கழுவத் தொடங்கியவர் அக்கா ஒருவர்தான். இனி யார் வீட்டில் எது நனைந்து கிடந்தாலும், அது எதுக்கு என்று கேட்காமல் கைகொடுப்பேன். இது நான் எனக்கே கொடுத்த வாக்கு.

அக்கா, ஐஸ் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். சரி. தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை இரவு உங்கள் வீட்டுச் சுவரில் படம் காட்ட வருகிறேன். மகனையும் பேரப்பிள்ளைகளையும் தூங்கவிடாதீர்கள். மலாய்ப் பையன்கள், கோயில் தம்பிகள், மச்சான், எல்லாரும் வாருங்கள். குரல் கொடுக்க இந்த முறை நான் பேசப்போகிறேன், இளவரசிக்குப் பேச மட்டும் ஓர் ஆள் தேவை.