சிவப்பு எழுத்து

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று வாரத்துக்கு முன்பு நீ தொலைபேசியில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. பைத்தான் என்ற கணினி மொழியில் எதை எழுதி ஓட்டினாலும் தப்பு என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வருகிறது, இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டாய். அன்று எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் நீ விடுமுறையில் வீட்டில் விட்டுப்போன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய மடிக்கணினியில் நானும் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

பாட்டிக்குப் பெயரைக் கேட்டதுமே பயம். செம்பனைக் காட்டில் எலி பிடிக்க வரும் உலார் சாவாவை, அதாவது மலைப்பாம்பைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் இதை 1991இல் வெளியிட்டபோது, தனக்குப் பிடித்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து இதை எடுத்து வைத்தாராம். சொன்னேன். பாட்டி நம்பவில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. செம்பனைப் பழ லோரி நிரம்பி வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. கழித்தால் பழத்தின் எடை. அதையே புரோகிராமாக எழுதினேன். எண்களைப் போட்டு வைக்கும் மாறிகளுக்கு எடை, மொத்தம் என்று தமிழிலேயே பெயர் வைத்தேன், பைத்தான் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது! மொத்தம் = மொத்தம் + 85 என்ற வரிதான் முதலில் குழப்பியது. கணக்குப் பாடத்தில் இப்படி எழுதினால் வாத்தியார் காதைத் திருகுவார். இங்கே அது சமக்குறி அல்ல. வலப்பக்கத்தைக் கணக்குப் பார், வந்த விடைக்கு இடப்பக்கத்துப் பெயரை ஒட்டு, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு நடை பழம் கொண்டுவந்தவருக்கு 85 கிலோ, 60 கிலோ என்று, நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் இன்புட்டில் தட்டி, கூட்டச் சொன்னேன். 8560 என்று வந்தது. மோட்டாரில் எட்டரை டன்! சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. ஏன் என்று புரியாமல், அடுத்து லோரிக் கணக்கைக் கழிக்கச் சொன்னேன். உடனே சிவப்பு. நீ சொன்ன மாதிரி எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் கடைசி வரியை மட்டும் நிதானமாகப் படித்தேன். டைப் எரர், எழுத்தை எழுத்திலிருந்து கழிக்க முடியாது என்றது. இன்புட்டில் நாம் எதைத் தட்டினாலும் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்கிறது. இன்ட் போட்டால்தான் எண்ணாகிறது. எழுத்தைக் கூட்டு என்றால் ஒன்றின் பின்னால் ஒன்றை ஒட்டிவிடுகிறது. கழித்தலில் வந்த சிவப்புதான் கூட்டலில் ஒளிந்திருந்த தப்பைக் காட்டிக்கொடுத்தது.

‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று சொல்லும் இஃப் வரிகளில் பெரிதாக ஒன்றுமில்லை. வரி முடிவில் முக்காற்புள்ளி, அடுத்த வரி நான்கு இடைவெளி உள்ளே. மறந்தால் அதையும் சிவப்பில் சொல்லிவிடும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பட்டியல். பழம் கொண்டுவரும் பத்துப் பேரின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வெள்ளி என்று காட்ட, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் சுற்று போட்டேன். எந்த எண்ணிலிருந்து எதுவரை என்று சொல்லும் ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தேன். அழகாக ஓடியது, சிவப்பே இல்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர்தான்! பட்டியலில் பைத்தான் இடங்களை எண்ணுவது 0இல் தொடங்கி 9இல் முடிகிறது. நான் கொடுத்த ரேஞ்சோ 1இல் தொடங்கி, 10ஐத் தொடாமல் 9இல் நிற்கிறது. முதலாவது ஆளுக்குக் காசு இல்லை. ரேஞ்சில் 10 என்று மட்டும் கொடுத்திருந்தால் போதும். எண்ணே வேண்டாம் என்று பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயராக எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பால்மரம் சீவிய காலத்தில் ஒரு மாதம் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்ததாம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, இவர் குரல் கொடுத்து, காட்டுக்கும் போய்விட்டு வந்த நாள் அது. கணக்கெழுதும் கிராணியோ புத்தகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் லயத்துச் சுவரில் தினமும் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் சண்டை போட்டாராம். காசு வந்ததா என்று கேட்டேன். “பாதி” என்றார்.

அதிலிருந்து நானும் கரிக்கோடு போடுகிறேன். மூன்றே பெயர், சின்னச் சின்ன எடை என்று வைத்து, முதலில் தாளில் கணக்குப் போட்டுக்கொள்வேன். பிறகுதான் ஓட்டுவேன். இரண்டும் ஒத்துப்போனால் மற்றப் பெயர்களைச் சேர்ப்பேன். நீயும் அப்படிச் செய்து பார். சிவப்பு வந்தால் கடைசி வரியிலிருந்து படி. வராதபோதுதான் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது.

வகுப்பில் மற்றவர்களுக்குச் சிவப்பு வருவதில்லை என்றாய். பார்த்து எழுதுகிறார்களோ என்னவோ. அது நமக்கு வேண்டாத பேச்சு.

முறுக்கும் நெத்திலிச் சம்பலும் தனியாக அனுப்பியிருக்கிறேன். சம்பல் டப்பாவை நிமிர்த்தியே வை.

ஒரு உதவி. விலையைக் கணக்குப் பார்க்க, வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும்படி, டெஃப் போட்டு ஒரு செயற்கூறு எழுதினேன். உள்ளே கடைசி வரியில், விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் இருக்கிறது. வெளியேயும் அதைக் கூப்பிட்டு பிரிண்ட் செய்கிறேன். விடை சரியாக வருகிறது, ஆனால் அதன் கீழே ‘நன்’ (None) என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிவப்பும் இல்லை. உன் நோட்டில் ரிட்டர்ன் என்ற பக்கம் பாதியில் நிற்கிறது. அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா