ஸ்காட்லாந்து கோல்ஃப் பயணம்: சாலைகள் குறித்து உறுப்பினர்களுக்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் டோர்னக்கிலும் ஆடவிருக்கும் நாம், மைதானங்களைப் போலவே அங்குள்ள சாலைகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

நமக்குப் பழகிய இடப்பக்க ஓட்டமே அங்கும் உண்டு. ஆனால் வடக்கே ஹைலேண்ட்ஸ் பகுதியில் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய சாலைகள் பல இருப்பதால், ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் அமைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். எதிரே வண்டி வரும்போது ஒதுங்குமிடம் நம் இடப்புறம் இருந்தால் அதற்குள் சென்று நிற்க வேண்டும். வலப்புறம் இருந்தால் குறுக்கே போகாமல், அதற்கு நேராக நம் பக்கத்திலேயே காத்திருந்து, வருபவர் அதன் வழியாக வளைந்து செல்ல இடம்விட வேண்டும். படம் எடுப்பதற்காக அங்கே வண்டியை நிறுத்தி வைப்பது உள்ளூர் மக்களுக்குப் பெரும் இடையூறு என்பதால், தயவுசெய்து தவிர்க்கவும். வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி சொல்லும் அவர்களுடைய வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. நாமும் அதைத் தவறாமல் கடைப்பிடிப்போம்.

சாலையோரத்தில் ஆளில்லாத பெட்டிகளில் முட்டையும் கேக்கும் விற்பனைக்கு இருக்கும். எடுத்த பொருளுக்குரிய பணத்தை நாமே போட வேண்டும் என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்திலோ, முதலாம், 18ஆம் ஃபேர்வேக்களின் (பந்தை அடித்துச் செல்லும் புல்வெளிப் பாதைகளின்) குறுக்கே பொதுச் சாலையே செல்கிறது. மக்கள் கடந்து முடிக்கும்வரை அடிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். 17ஆம் குழியின் க்ரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு) பின்னுள்ள சாலையில் பந்து விழுந்தால், அங்கிருந்தே ஆட வேண்டியிருக்கும்.

ஸ்காட்லாந்தில் 2014 முதல் ஓட்டுநர் இரத்தத்தில் மது அளவு 100 மி.லி.க்கு 50 மி.கி. மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ஆகவே மது அருந்தியவர் எவரும் அன்று வண்டி ஓட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.